கோழிக்கூட்டில் ஆழ்கூளம்: குமரி மாவட்டத்துக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

திருவட்டார் பக்கம் வீட்டோடு சேர்ந்த தோட்டத்தில் நாற்பது நாட்டுக்கோழி வளர்க்கிறேன். பத்து வருடத்துக்கும் மேலாகக் கூட்டுத் தரையில் ஆழ்கூளம்தான். சந்தையில், கால்நடை மருந்தகத்தில் வரிசையில் நிற்கும்போது, போனில் என்று பலரும் கேட்ட கேள்விகளையும், நான் சொன்ன பதில்களையும் இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன். பத்து முதல் நூறு கோழி வரை வைத்திருப்பவர்களுக்கான கணக்கு இது. பெரிய பண்ணைக்காரர்களுக்கு வேறு கணக்கு.

ஆழ்கூளம் என்றால் என்ன? தினமும் பெருக்கித் தள்ளினால் போதாதா?

கூட்டுத் தரையில் உமி, மரத்தூள் மாதிரிக் காய்ந்த பொருளை நாலைந்து அங்குலத்துக்குப் பரப்பி, அதன் மேலேயே கோழிகளை விடுவதுதான் ஆழ்கூளம். எச்சத்தை அன்றன்றைக்கு அள்ளுவதில்லை. கிளறிவிடுவோம், தேவைப்படும்போது மேலே புதுக்கூளம் தூவுவோம். சில மாதத்தில் அடியில் இருப்பது மக்க ஆரம்பிக்கும்.

எச்சத்தில் தழைச்சத்து அதிகம், உமியிலும் மரத்தூளிலும் கரிமம் அதிகம். இரண்டும் காற்றுப் பட்டுக் கலந்திருந்தால் நாற்றமில்லாமல் மக்கும். நனைந்து, காற்றில்லாமல் அமுங்கிக் கிடந்தால் அழுகும். கீழே வரும் கேள்விகளில் பாதிக்குமேல் இந்த அழுகலைத் தடுப்பது பற்றியவைதான்.

தினமும் பெருக்கினாலும் தவறில்லை. ஐந்து கோழி இருந்தால் வாரியலை எடுத்து ஒரு தள்ளு தள்ளிவிட்டுப் போகலாம். முப்பது நாற்பது ஆனபிறகு வேலை கழுத்தை நெரிக்கும், உரமும் வீணாகும். இன்னொரு லாபமும் உண்டு. 1940-களில் அமெரிக்காவின் ஒகாயோ வேளாண் ஆய்வு நிலையத்தில், பழைய கூளத்தில் வளரும் கோழிகள் தீனியில் குறை இருந்தும் நன்றாகத் தேறுவதைக் கவனித்தார்கள். கூளத்து நுண்ணுயிர்கள் உண்டாக்கும் பி12 சத்து அதற்கு ஒரு காரணம் என்று பிறகு புரிந்தது. கோழி கூளத்தைக் கிளறிக் கொத்தும்போது அந்தச் சத்து வயிற்றுக்குள் போகிறது.

நம்ம ஊர் மழைக்கு இது சரிப்படுமா?

சரிப்படும். ஆனால் மாவட்டம் முழுக்க ஒரே கணக்கு கிடையாது. ஜூனில் தென்மேற்குப் பருவமழை, அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை என்று இரண்டுமே நமக்கு உண்டு. அதிலும் குலசேகரம், அருமனை, திற்பரப்பு என்று மேற்கே மலையடிவாரத்தில் மழை கூடுதல். கிழக்கே ஆரல்வாய்மொழி, தோவாளை பக்கம் கணவாய்க் காற்று சுழற்றி அடிக்கும்.

என் அக்காவைக் கட்டிக்கொடுத்தது ஆரல்வாய்மொழியில். ஒரே மில்லில் எடுத்த உமியை இரண்டு பேரும் பங்கு போட்டுக்கொண்டோம். ஆடி மாதத்தில் என் கூட்டில் அது காலில் ஒட்டியது. அக்கா கூட்டில் புழுதி பறந்து, கோழி தும்முகிறது என்று தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். "உனக்கென்ன அக்கா, ஊர் முழுக்க ஃபேன் போட்டு வச்சிருக்கு" என்று காற்றாலைகளைக் காட்டிச் சொன்னேன். அன்றுமுதல் யார் கேட்டாலும், எந்தக் கூளம் நல்லது என்று சொல்லும் முன் எந்த ஊர் என்று கேட்டுவிடுகிறேன்.

எப்போது ஆரம்பிப்பது நல்லது?

மாசி, பங்குனி. கூளத்தில் நுண்ணுயிர்கள் பெருகி வேலை தொடங்க இரண்டு மாதமாவது உலர்ந்த காலம் வேண்டும். இடவப்பாதி மழைக்கு, அதாவது ஜூனில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழைக்கு முன் அந்த இரண்டு மாதம் கிடைத்துவிடும். கும்பப்பூ நெல் அறுவடை முடிந்து நாஞ்சில் நாட்டு மில்களில் புது உமி கிடைக்கும் காலமும் அதுதான். கொட்டும் மழையில், ஆடியில் ஆரம்பித்தவர்கள் பலர் ஒரு மாதத்தில் "இதெல்லாம் நமக்கு ஆகாது" என்று கைவிட்டதைப் பார்த்திருக்கிறேன்.

எந்தப் பொருளைப் போடலாம்?

வீட்டிலிருந்து ஐந்தாறு கிலோமீட்டருக்குள் காய்ந்த நிலையில் தொடர்ந்து கிடைப்பது எதுவோ அது. அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான் என்பதால் ஒவ்வொன்றையும் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

உமி. பூதப்பாண்டி, சுசீந்திரம் சுற்றுவட்டாரத்தில் இருப்பவர்கள் வேறெதையும் யோசிக்கவே வேண்டாம். உமியில் மணல்சத்து அதிகம், அதனால் சீக்கிரம் மக்காது, அமுங்காது, காற்று உள்ளே போகும். குறை என்னவென்றால் தண்ணீரை அவ்வளவாக உறிஞ்சாது. எச்சத்தின் ஈரம் உமியின் இடுக்கு வழியே கீழே இறங்கித் தரையில் தங்கும். மேலே பார்த்தால் பளிச்சென்று காய்ந்திருக்கும், ஒரு சாண் தோண்டினால் சேறு. உமி மட்டும் போடுகிறவர்கள் அடியைத் தோண்டிப் பார்க்காமல் ஏமாறக் கூடாது.

மரத்தூள். ரப்பர் பூமியில் இருக்கும் எங்களுக்குத் தடி மில்லில் இது தாராளமாகக் கிடைக்கும். ஈரத்தை நன்றாக உறிஞ்சும். ஆனால் பச்சைத் தடி அறுத்த தூள் ஈரமாகவே வரும். ஒருமுறை மில்லில் சாக்கில் கட்டிக்கொடுத்ததை அப்படியே மூன்று நாள் திண்ணையில் போட்டுவிட்டேன். அவிழ்த்துக் கையை விட்டால் உள்ளே கஞ்சிப்பானை மாதிரிச் சூடு, சாம்பல் நிறத்தில் பூஞ்சை நூல்நூலாக ஓடியிருந்தது. அதைக் கூட்டில் போட்டிருந்தால் அந்தப் பூஞ்சையின் துகள் கோழியின் நுரையீரலுக்குள் போயிருக்கும். குஞ்சுகள் வாயைப் பிளந்து மூச்சு வாங்கிச் சாகும் நோய் அதனால் வரும். தார்ப்பாயில் மூன்று நாலு நாள் வெயிலில் கிளறிக் காயவைத்த பிறகே உள்ளே போக வேண்டும்.

இழைப்புச் சீவல். என்னைக் கேட்டால் இதுதான் முதல் இடம். சுருள் சுருளாக இருப்பதால் காற்றும் போகும், ஈரத்தையும் பிடிக்கும், பொடி பறக்காது. ஒன்றை மட்டும் கேட்டு வாங்குங்கள். ரப்பர் தடியைப் பூச்சியும் பூஞ்சையும் சீக்கிரம் பிடிக்கும் என்பதால், பலகையாக அறுத்தபின் போராக்ஸ், போரிக் அமிலம் கலந்த கரைசலை அழுத்தி ஏற்றுவார்கள். பச்சைத் தடி அறுக்கும் தூளில் அது இருக்காது. மருந்தேறிய பலகையை இழைத்த சீவலில் இருக்கும். "மருந்து ஏத்துன பலகையா, ஏத்தாததா?" என்று கேட்டால் மில்லில் சொல்லிவிடுவார்கள். பிளைவுட் அறுத்த தூள் எந்த நிலையிலும் வேண்டாம், அதில் பசை இருக்கிறது.

தும்பு ஆலைத் தூள், அதாவது தென்னை நார்க்கழிவு. ஈத்தாமொழி, ராஜாக்கமங்கலம் பக்கத்தில் கதம்பை (தேங்காய் மட்டை) உடைக்கும் இடங்களில் மலைபோல் கிடக்கும். தன் எடையைப்போல் ஐந்து மடங்குக்கு மேல் தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளும். அதுதான் அதன் பலம், அதுதான் அதன் தொல்லையும். குடித்ததை லேசில் விடாது. காய்ந்த காலத்தில் அருமையாக இருக்கும், மழைக்காலத்தில் காற்றின் ஈரத்தையே இழுத்துக்கொண்டு கனமாகிவிடும். தனியாகப் போடாமல், இரண்டு பங்கு உமிக்கு ஒரு பங்கு தூள் என்று கலந்தால் உமியின் குறையைத் தூளும் தூளின் குறையை உமியும் சரிக்கட்டிக்கொள்ளும். என் கூட்டில் இப்போது கிடப்பது இந்தக் கலவைதான். திறந்தவெளியில் மழையில் நனைந்து கிடந்த தூளை வாங்காதீர்கள். பார்க்கக் காய்ந்த மாதிரி இருக்கும், பிழிந்தால் தண்ணீர் வரும்.

சருகு. தை, மாசியில் ரப்பர் இலை உதிரும்போது இலவசமாகக் கிடைக்கிறதே என்று எல்லாருக்கும் ஆசை வரும். இலை முழுசாக இருந்தால் ஒன்றன்மேல் ஒன்று படிந்து பாய் விரித்த மாதிரி ஆகிவிடும், அடியில் காற்றுப் போகாது. நன்றாக நொறுங்கக் காயவைத்து, மிதித்து உடைத்து, உமியோடு கலந்து போடலாம். வாழைச் சருகும் அப்படித்தான், துண்டு துண்டாக நறுக்க வேண்டும்.

வைக்கோல் நறுக்காமல் போட்டால் சிக்குப் பிடித்துக்கொள்ளும், கிளற முடியாது. கடலைத்தோடு பரவாயில்லை, ஆனால் பூஞ்சை பிடித்திருந்தால் தொடாதீர்கள். மணல் மக்காது. அதைப் போட்டால் ஆழ்கூளம் ஆகாது, எச்சத்தைச் சலித்து அள்ளும் வேறு முறை அது.

உமிக்குப் பதில் தவிடு போடலாமா?

கூடாது. தவிடு தீனி. ஈரம் பட்டால் புளிக்கும், புழு வைக்கும், எலியையும் கூப்பிடும்.

எத்தனை அங்குலம் போட வேண்டும்? பத்துக்குப் பத்து கூட்டுக்கு எவ்வளவு உமி ஆகும்?

பெரிய கோழிக்கு நாலு அங்குலத்தில் ஆரம்பியுங்கள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தூவித் தூவி ஆறு மாதத்தில் எட்டு அங்குலம், ஒரு வருடத்தில் ஓர் அடி பக்கம் வரும். முதல் நாளே ஓர் அடி கொட்டினால் அது கூளக் குவியல்தான். எச்சம் கலந்து கலந்து ஏறினால்தான் மக்கும்.

பத்துக்குப் பத்து அடி, நாலு அங்குலம் என்றால் சுமார் 33 கன அடி. உமியில் நூறு கிலோ, அல்லது கொஞ்சம் கூட ஆகும். அந்த இடத்தில் முழுநேரம் அடைத்து வளர்த்தால் 50 கோழி, அதாவது கோழிக்கு இரண்டு சதுர அடி. பகலில் தோட்டத்தில் மேய்ந்துவிட்டு அடைய மட்டும் வந்தால் ஒன்றரை அடியிலும் சமாளிக்கலாம். இதற்குமேல் நெருக்கினால் எந்தக் கூளம் போட்டாலும் தாங்காது.

சித்திரை வெயிலில் மட்டும் உயரத்தைக் கூட்டாதீர்கள். மக்கும்போது கூளத்துக்குள்ளேயே சூடு வரும், தகரக் கூரையும் இருந்தால் கோழி இறக்கையை விரித்துக்கொண்டு இளைக்கும்.

தரை சிமெண்டா, மண்ணா?

மேடான செம்மண் தரை, நன்றாக இடித்துக் கெட்டியாக்கியது, போதும். சிமெண்ட் போட்டால் பெருச்சாளி தோண்டாது, கழுவவும் சுலபம். ஆனால் எதுவானாலும் வெளித்தரையைவிட ஓர் அடியாவது உயர்ந்திருக்க வேண்டும். தாழ்ந்த இடத்தில் கட்டிய கூட்டில் மழை வரும்போது ஈரம் கீழிருந்து ஏறும், மேலே என்ன போட்டும் பயனில்லை.

கூரையைத்தான் பலர் கவனிப்பதில்லை. தென்மேற்குச் சாரல் சாய்வாக அடிக்கும். சுவருக்கு வெளியே மூன்றடியாவது கூரை நீண்டு நிற்கட்டும். கூட்டின் நீளம் கிழக்கு மேற்காக இருந்தால் வெயில் நேரே உள்ளே விழாது, காற்றும் குறுக்கே ஓடும். சாரல் வரும் பக்கத்தில் ஓலைக் கிடுகோ சாக்கோ தொங்கவிட்டு, மழை விட்டதும் சுருட்டிவிடுங்கள். எப்போதும் மூடியே வைத்திருந்தால் உள்ளே புழுங்கி, சாரலே மேல் என்றாகிவிடும்.

கூளத்தில் ஈரம் சரியா, கூடுதலா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கையில் ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பிடித்துவிட்டு விரலைத் திறந்து பாருங்கள். பொலபொலவென்று உதிர்ந்து உள்ளங்கையில் புழுதி மட்டும் மிஞ்சினால் ரொம்பக் காய்ந்துவிட்டது. லேசாகக் கூடி நின்று, கட்டைவிரலால் தொட்டதும் பிளந்தால் சரியான பதம். பிடிகொழுக்கட்டை மாதிரி விரல் தடத்தோடு அப்படியே நின்றால் ஈரம் கூடிவிட்டது. நூற்றுக்கு 20 முதல் 30 வரை ஈரம் இருக்கலாம் என்று சொல்வதைக் கையால் பார்க்கும் வழி இது.

ஒரே இடத்தில் அள்ளினால் போதாது. தண்ணீர்ப் பாத்திரத்தின் அருகில் ஒரு பிடி, கோழி அடையும் கம்புக்குக் கீழே ஒரு பிடி, சுவர் மூலையில் ஒரு பிடி. மேலாக அள்ளாமல் விரல் புதையத் தோண்டி எடுங்கள். கை அருவருப்பாக இருந்தால் பிளாஸ்டிக் கவரை மாட்டிக்கொள்ளலாம், நான் மாட்டுவதில்லை. நல்ல கூளம் கையில் ஒட்டாது, மழை பெய்த தோட்டத்து மண் மாதிரி வாசம் வரும்.

கூட்டைத் திறந்தால் கண் எரிகிறது. என்ன செய்வது?

அது அமோனியா. எச்சத்தில் இருக்கும் தழைச்சத்து ஈரத்தில் சிதைந்து காற்றாகப் போகிறது. காற்றில் பத்து லட்சத்துக்கு 25 பங்கைத் தாண்டினாலே கோழியின் மூச்சுக்குழாயும் கண்ணும் பாதிக்கப்படும். சளி, கண் வீக்கம், முட்டை குறைவது எல்லாம் அதன் பின்னால் வரும். நம் மூக்குக்கு அது பழகிவிடும் என்பதுதான் ஆபத்து. தினமும் உள்ளே போகிறவருக்கு நாற்றம் தெரியாது, விருந்தாளி மூக்கைப் பொத்துவார்.

என் அம்மை சொல்லித் தந்த சோதனை இது. காலையில் கதவைத் திறந்ததும், கோழிகளை வெளியே விட்டுவிட்டு உள்ளே போய்க் குந்தி உட்கார வேண்டும். மூக்கு கோழி நிற்கும் உயரத்துக்கு வந்துவிடும். "நீ ராத்திரி முழுக்க இங்க கெடப்பியா மக்களே, சொல்லு" என்பாள். நின்றுகொண்டு பார்க்கும்போது ஒன்றும் தெரியாத கூட்டில், உட்கார்ந்ததும் கண்ணில் தண்ணீர் வந்திருக்கிறது எனக்கு.

வந்துவிட்டால் முதலில் கிடுகைத் தூக்கிக் காற்று விடுங்கள். பத்தையாகக் கட்டிப்போன இடங்களை மண்வெட்டியால் வெட்டி வெளியே எடுத்துவிடுங்கள். மீதியைக் கிளறி, மேலே இரண்டு அங்குலம் காய்ந்த கூளம் போடுங்கள். அப்புறம் ஈரம் எங்கிருந்து வந்தது என்று தேடுங்கள். அதைக் கண்டுபிடிக்காமல் மேலே மேலே உமி கொட்டுவது ஒழுகும் பானைக்கு அடியில் துணி விரிப்பது மாதிரி.

சுண்ணாம்பு போட்டால் நாற்றம் போகுமா?

இந்த ஒரு விஷயத்தில் ஊரே என்னோடு சண்டைக்கு வரும். நீற்றிய சுண்ணாம்பு ஈரத்தைக் கொஞ்சம் உறிஞ்சும், கூளம் கட்டிதட்டாமல் பார்க்கும், அது உண்மை. ஆனால் அது காரம். எச்சத்தில் தங்கியிருக்கும் அமோனியாவைக் காரம் வெளியே விரட்டும். ஏற்கெனவே கண் எரியும் கூட்டில் சுண்ணாம்பைத் தூவினால் அன்று இரவு எரிச்சல் இரட்டிப்பாகும். உரச்சத்தும் காற்றோடு போய்விடும். தூவத்தான் வேண்டும் என்றால் கோழி இல்லாத நேரத்தில், நாற்றம் இல்லாத கூளத்தில், கையளவு தூவி நன்றாகக் கிளறிவிட்டு, காற்றாடவிட்டு அடையுங்கள். நீற்றாத சுண்ணாம்பைத் தொடவே தொடாதீர்கள், ஈரம் பட்டால் கொதித்துக் கோழியின் காலையும் கண்ணையும் பொசுக்கிவிடும்.

அமோனியாவைக் கட்டுப்படுத்த உரக்கடையில் கிடைக்கும் சூப்பர் பாஸ்பேட் மேல். அது புளிப்புத் தன்மை உள்ளது, தழைச்சத்தைக் கூளத்திலேயே பிடித்து வைக்கும். லேசாகத் தூவிக் கிளறி, மேலே புதுக்கூளம் போட்டு மூடிவிட வேண்டும், கோழி கொத்தக் கூடாது.

அடுப்புச் சாம்பலும் காரம்தான். அதைக் கூளத்தில் கொட்டாமல், ஒரு மூலையில் பழைய டயருக்குள் மணலோடு கலந்து வையுங்கள். கோழி புரண்டு குளித்துக்கொள்ளும், உடம்பில் ஏறும் செள்ளுப் பூச்சியும் குறையும்.

கூளம் நனைவதற்கு முக்கியக் காரணம் எது? மழையா?

மழை என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். நான் பார்த்தவரை தண்ணீர்ப் பாத்திரம்தான். இருபது கோழி ஒரு நாளைக்கு நாலு லிட்டருக்கு மேல் குடிக்கும். எச்சத்தில் முக்கால் பங்கு தண்ணீர்தான். அதையே கூளம் சமாளிக்க வேண்டியிருக்கிறது, இதில் பாத்திரத்தைத் தட்டிவிட்டுச் சிந்தும் தண்ணீரும் சேர்ந்தால் எப்படி?

பாத்திரத்தின் விளிம்பு கோழியின் முதுகு உயரத்துக்கு இருக்கும்படி தொங்கவிடுங்கள், அல்லது செங்கல் அடுக்கி வையுங்கள். கூளம் உயர உயரப் பாத்திரத்தையும் உயர்த்த வேண்டும், இதைத்தான் மறந்துபோகிறோம். பகலில் வெளியே மேயும் கோழி என்றால் தண்ணீரை முற்றத்திலேயே வைத்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

எத்தனை நாளுக்கு ஒருமுறை கிளற வேண்டும்? கோழியே கிளறாதா?

கிளறும், ஆனால் தனக்குப் பிடித்த இடத்தில் மட்டும். அடையும் கம்புக்குக் கீழே ராத்திரி எச்சம் ஒரே வரிசையாக விழும், அங்கே கிளறாது. சாயங்காலம் ஒரு பிடி கம்போ நெல்லோ அந்த இடத்தில் எறியுங்கள், உங்கள் வேலையைக் கோழி பார்த்துக்கொள்ளும். இருந்தாலும் வாரம் இரண்டு முறை, மழைக்காலத்தில் ஒன்றுவிட்டு ஒரு நாள், மண்வெட்டியால் புரட்டுங்கள். கோழிகளை வெளியே விட்டுவிட்டு, தோர்த்தை மூக்கில் கட்டிக்கொண்டு செய்யுங்கள். அந்தப் புழுதி நம் நெஞ்சுக்கும் ஆகாது.

குஞ்சுகளைப் பழைய கூளத்தில் விடலாமா?

பொரித்து ஒரு மாதம்வரை வேண்டாம் என்பது என் வழக்கம். குஞ்சுகளுக்குத் தனி இடத்தில் இரண்டு அங்குலம் புது உமி போதும். முதல் மூன்று நாள் உமிக்கு மேல் செய்தித்தாள் விரித்து, தினமும் மாற்றுங்கள். இல்லையென்றால் தீனி எது, உமி எது என்று தெரியாமல் தின்றுவிடும். மரத்தூள் தின்றால் இரைப்பை அடைத்துக்கொள்ளும். தாளைக் கசக்கி விரித்துப் போடுங்கள், வழவழப்பாக இருந்தால் குஞ்சின் கால் இரண்டு பக்கமும் வழுக்கி விரிந்துவிடும்.

மூன்று முதல் ஆறு வாரக் குஞ்சுகளுக்கு இரத்தக் கழிச்சல் பெரிய எமன். அந்தக் கிருமியின் முட்டைகள் எச்சத்தில் வெளிவந்து, ஈரமும் கதகதப்பும் கிடைத்தால் இரண்டே நாளில் தொற்றும் நிலைக்கு வந்துவிடும். கூளம் காய்ந்திருந்தால் பெரும்பகுதி அப்படி ஆகாது. எச்சத்தில் இரத்தம் கண்டால், குஞ்சு ஒடுங்கி நின்றால், கைமருந்தில் நாளைக் கடத்தாமல் கால்நடை மருத்துவரிடம் போங்கள்.

கூளத்தில் வண்டும் புழுவும் இருக்கின்றன. நல்லதா கெட்டதா?

கொஞ்சம் இருந்தால் கோழியே தின்றுவிடும். ஈப்புழு மொய்த்தால் எங்கோ ஈரம் இருக்கிறது என்று அர்த்தம், அந்த இடத்தைத் தோண்டி எடுங்கள். சிறு கறுப்பு வண்டு கூடிப்போனால் நாடாப்புழு பரவ வழியுண்டு. செள்ளு கூளத்தைவிடக் கம்பின் வெடிப்பிலும் பலகை இடுக்கிலும்தான் பகலில் ஒளிந்திருக்கும். கூளத்தை மாற்றிவிட்டுக் கம்பை அப்படியே விட்டால் மூன்றாம் நாள் திரும்ப வரும்.

மழைவெள்ளம் புகுந்து கூளம் முழுக்க நனைந்துவிட்டது. காயவைத்துக் காப்பாற்ற முடியுமா?

2017 நவம்பர் 30-ஆம் தேதி ஒகி புயலில் என் கூட்டின் ஓடு பாதி பறந்துவிட்டது. உள்ளே எட்டு அங்குலக் கூளம், ஏழெட்டு மாதம் பாடுபட்டுச் சேர்த்தது. மனசு வரவில்லை. மின்சாரமும் இல்லை, வெயிலும் இல்லை. தார்ப்பாயைக் கூரையில் கட்டிவிட்டு, ஈரக்கூளத்தின் மேல் நாலு சாக்குப் புது உமி கொட்டினேன். மேலே நன்றாகத்தான் இருந்தது. மூன்றாம் நாள் கால் வைத்தால் சேற்றில் இறங்கியது மாதிரி அமுங்கியது, முட்டை அழுகிய நாற்றம். அடுத்த பத்து நாளில் ஒன்பது குஞ்சுகள் இரத்தக் கழிச்சலில் போயின. கடைசியில் எல்லாவற்றையும் கடவத்தில் (ஓலைக்கூடையில்) அள்ளி வெளியே கொட்டினேன். நாலு சாக்கு உமியும் சேர்ந்து போனது.

ஆகவே, அடிவரை நனைந்தால் யோசிக்காமல் அள்ளிவிடுங்கள். வெளியே குவித்து மூடினால் உரமாக ஆகும், நஷ்டமில்லை. மேலே இரண்டு அங்குலம் மட்டும் சாரலில் நனைந்திருந்தால் அந்தப் பகுதியை மட்டும் வழித்தெடுத்தால் போதும். தரை காயாமல் புதிது போடக் கூடாது.

எத்தனை மாதத்துக்கு ஒருமுறை முழுக்க மாற்றுவது?

நோய் இல்லாமல், நாற்றம் இல்லாமல் இருந்தால் வருடத்துக்கு ஒருமுறை. நான் மாசியில் எடுக்கிறேன். முழுக்க எடுக்காமல், நல்ல கூளத்தில் இரண்டு கடவம் மிச்சம் வைத்துப் புதியதில் கலந்துவிடுவேன், தயிருக்கு உறை ஊற்றுகிற மாதிரி.

வெள்ளைக் கழிச்சல் வந்து கோழி செத்திருந்தால் இந்தச் சிக்கனமெல்லாம் கிடையாது. ஒரு துளி மிச்சமில்லாமல் எடுத்து, தரையையும் சுவரையும் கிருமிநாசினியால் கழுவி, இரண்டு மூன்று வாரம் வெறுமனே போட்டுவிட்டுப் பிறகுதான் புதுக்கோழி. அந்தக் கூளத்தைத் தோட்டத்தில் இறைக்கவும் கூடாது, பக்கத்து வீட்டுக்காரருக்கு உரமாகக் கொடுக்கவும் கூடாது. தடுப்பூசியை விட்டுவிட்டுக் கூளத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் ஒரு பயனும் இல்லை.

எடுத்த கூளத்தை நேரே வாழைக்குப் போடலாமா?

நேரே போட்டால் வேர் வெந்துவிடும். முக்கியமாகக் கம்புக்கு அடியில் இருந்து எடுத்தது காரம் மிகுந்தது. மூன்றடி உயரத்துக்குக் குவித்து, ஈரம் குறைவாக இருந்தால் தண்ணீர் தெளித்து, ஓலை போட்டு மூடி, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை புரட்டி, இரண்டு மாதம் விடுங்கள். ஓர் இரும்புக் கம்பியைக் குவியலின் நடுவில் சொருகி, பத்து நிமிடம் கழித்து இழுத்துத் தொட்டால் கை வைக்க முடியாத சூடு இருக்கும் முதல் வாரங்களில். அந்தச் சூடுதான் கிருமியையும் களை விதையையும் கொல்லும். சூடு தணிந்து, கறுத்து, எச்ச நாற்றம் போனபிறகு எடுங்கள்.

நன்றாக முதிர்ந்த ஆழ்கூளத்தில் தழைச்சத்து நூற்றுக்கு 3, மணிச்சத்து 2, சாம்பல்சத்து 2 என்ற அளவில் இருக்கும். தொழுஉரத்தைவிட இது பல மடங்கு. அதனால் தொழுஉரம் மாதிரிக் கடவம் கடவமாகக் கொட்டாதீர்கள். ஏத்தன் (நேந்திரன்) வாழைக்கு, கன்றிலிருந்து ஓர் அடி தள்ளி வட்டமாகத் தூவி மண்ணால் மூடுகிறேன். தென்னைக்கு இன்னும் தள்ளி, தடத்தின் ஓரத்தில். மரச்சீனிக்கு (மரவள்ளிக்கு) அதிகம் போட்டால் இலைதான் செழிக்கும், கிழங்கு வைக்காது. ஒரு வருடம் பக்கத்து வீட்டுக்காரரைவிட இரண்டு முழம் உயரமாக என் மரச்சீனி நின்றது, பிடுங்கிப் பார்த்தால் விரல் பருமனில் கிழங்கு.

பெருச்சாளியும் பாம்பும் கூளத்தில் வந்து தங்குமா?

பெருச்சாளி வரும். கூளத்துக்கு அடியில் வளை போட்டால் வெளியே தெரியாது, மண்தரையில் ஒரு பக்கம் கூளம் தானாக இறங்கினால் சந்தேகப்படுங்கள். அது வந்தால் அதைத் தேடிச் சாரையும் வரும். இரவில் தீனியை உள்ளே மிச்சம் வைக்காதீர்கள், சுவரின் அடியில் சிறுகண்ணிக் கம்பிவலையை ஓர் அடி ஆழத்துக்குப் புதையுங்கள். கிளறும்போது வெறுங்கையால் முதலில் தொடாமல், மண்வெட்டிக் காம்பால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு ஆரம்பியுங்கள்.

யாருக்கு ஆழ்கூளம் வேண்டாம் என்று சொல்வீர்கள்?

வயல் ஓரம், குளத்தங்கரை என்று மழைக்காலத்தில் தரையில் ஊற்றெடுக்கும் இடத்தில் கூடு இருந்தால் வேண்டாம். அங்கே கால் நட்டு, மூன்றடி உயரத்தில் கம்பிவலையோ பாக்குச் சட்டமோ போட்டுப் பரண் கூடு கட்டுவதுதான் புத்தி. வாரம் இரண்டு முறை கிளற ஆள் இல்லாத வீட்டுக்கும் அதுவே மேல். வெளியூர் வேலைக்குப் போய்விட்டு ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருகிறவர்கள் கேட்டால், நான் பரணைத்தான் சொல்கிறேன்.

வாத்தையும் கோழியையும் ஒரே ஆழ்கூளத்தில் அடைக்கலாமா?

வேண்டாம். வாத்து அலகால் தண்ணீரை அள்ளி அள்ளி எறியும், எச்சமும் கஞ்சி மாதிரி. நாலு வாத்து போதும், நாற்பது கோழியின் கூளத்தை ஒரு வாரத்தில் சேறாக்கிவிடும். தனிக் கூடு போட்டுவிடுங்கள்.